ரிப்பன் மைக்கிற்குக் கூடு

(காரைக்குடியில் நம் அறக்கட்டளையின் மாலை நேரத் தொழிற்பயிற்சிக் கூடத்தில், மாணவர்களும் பெற்றோரும் கூடிய அமர்வில் பயிற்றுநர்கள் சார்பில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)





போன முறை கூடியபோது ஒரு தாயார் எங்களிடம் கேட்டார். "வயரிங் சொல்லிக் கொடுக்கிறீர்கள், மோட்டார் சுற்றச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், அதெல்லாம் சரி. மைக் செய்வது எதற்கு? கடையில் கிடைக்காத பொருளா அது?" நியாயமான கேள்வி. அன்று நேரமில்லாததால் இன்று பதில் சொல்வதாகச் சொன்னோம்.

இந்தப் பட்டறையில் ரிப்பன் மைக்கிற்கு இதுவரை மூன்று கூடுகள் செய்திருக்கிறோம். முதல் இரண்டும் தோற்றன. முதல் தோல்வியில் ஒரு குரலையே இழந்தோம். அதை மறைத்துவிட்டு மூன்றாவதைப் பற்றிப் பெருமை பேச எங்களுக்கு மனமில்லை. எனவே மூன்றையும் சொல்கிறோம்.

கூடு என்றுதான் இங்கே சொல்கிறோம். ஒரு பிள்ளை நோட்டில் இரண்டு சொல்லையும் சேர்த்து 'மைக்கூடு' என்று எழுதிவிட்டார்; வீட்டில் அவருடைய அத்தா, பட்டறையில் இங்க் புட்டி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து பிரித்தே எழுதுகிறோம்.

முதலில் ரிப்பன் மைக் என்றால் என்ன என்று பார்ப்போம். ரேடியோ செட் போடுகிறவர்கள் கொண்டுவரும் மைக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு காந்தம், ஒரு சிறிய கம்பிச் சுருள், அந்தச் சுருள் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருக்கும். கீழே விழுந்தாலும் தட்டிவிட்டுப் பேசலாம். ரிப்பன் மைக் அவ்வளவு முரட்டுப் பொருள் அல்ல. இரண்டு காந்தங்களுக்கு நடுவே, சுமார் 5 மில்லிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட அலுமினியப் படலம் ஒன்று தொங்கும். சேலைக் கொசுவம்போல அதில் குறுக்கே சின்னச் சின்ன மடிப்புகள் இருக்கும். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே விட்டு எடுத்தால் அந்த மடிப்பு விழும். குரல் பட்டுக் காற்று அசைந்தால் படலம் அசையும். காந்தத்தின் நடுவே உலோகம் அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். இதுதான் மைக்.

படலத்தின் தடிமனைச் சொன்னால்தான் மீதி விளங்கும். சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாள் 10 மைக்ரானுக்கு மேல். தலைமுடி 60, 70 மைக்ரான். நல்ல ரிப்பன் 2 முதல் 5 மைக்ரான்தான். இனிப்பின் மேல் ஒட்டுகிற வெள்ளி வரக் இதைவிடவும் மெல்லியது, ஆனால் தொட்டவுடன் கிழிந்துவிடும். பழைய பேப்பர் கண்டன்சரைப் பிரித்தால் உள்ளே சுருட்டி வைத்திருக்கும் அலுமினியப் படலம் ஏறக்குறைய 6 மைக்ரான் வரும். நாங்கள் பழகியது அதில்தான். முதல் மாதம் கிழித்ததற்குக் கணக்கே இல்லை. மூச்சுப் பலமாக விட்டால் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தப் படலம் சாதாரணப் பேச்சுக்குத் தருகிற மின்சாரம் ஒரு வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் பக்கத்திலேயே ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து 30, 35 மடங்கு ஏற்றுகிறோம். அதன்பின் ஆம்ப்ளிபயர் இன்னும் ஆயிரம் மடங்கு ஏற்றுகிறது. குரலை இப்படி ஏற்றும்போது, நடுவில் நுழைகிற எந்த இரைச்சலும் அதே அளவு ஏறும். பிள்ளைகளே, இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். நாங்கள் மறந்ததால்தான் முதல் தோல்வி வந்தது.

இது புதிய கருவி அல்ல. ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் 1924இல் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் 1930களின் தொடக்கத்தில் அதை வானொலிக்கும் சினிமாவுக்கும் ஏற்றதாக ஆக்கினார். பழைய படங்களில் பெரிய மாத்திரை வடிவத்தில் கம்பி வலை போட்ட மைக் முன்னால் நின்று பாடுவார்களே, அது அந்த வகை. ஆர்சிஏ 44 என்ற மைக் ஒன்றே கிட்டத்தட்ட 4 கிலோ எடை. லண்டனில் பிபிசி தனக்கென்று வடிவமைத்த ரிப்பன் மைக் ஒன்று 1950களில் வந்தது. அது இன்றும் தயாராகிறது.

நம் ஊருக்கும் ஒலிப்பதிவு அந்நியமல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னையை விட்டு வந்த ஏவி.மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். 1948இல் ஸ்டூடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. இவையெல்லாம் ரிப்பன் மைக் உலகமெங்கும் கோலோச்சிய காலம். பாட்டுக் கொட்டகைக்கும் வானொலிக்கும் போன குரல்கள் பதிவாயின. வீட்டுக்குள்ளேயே இருந்த குரல்கள் பதிவாகவில்லை. நம் வீடுகளில் பெண்கள் மனப்பாடமாக ஓதிவந்த முனாஜாத்துகள், தாலாட்டுகள், கிஸ்ஸாக்கள் அப்படிப்பட்டவை. அச்சில் வந்தவற்றிலும் சொல்தான் இருக்கிறது, ராகம் இல்லை. ஒரு நன்னி எங்கே மூச்சு வாங்கினார், எந்த எழுத்தை இழுத்தார் என்பது அவரோடு போய்விடுகிறது. இவற்றைப் பதிந்து அந்தந்தக் குடும்பத்துக்கே கொடுப்பது என்று அறக்கட்டளை முடிவு செய்தது. அதற்காகத்தான் மைக்.

"போனில் பதியலாமே" என்று பிள்ளைகளே கேட்டார்கள். பதியலாம். போன் மட்டும் இருந்தால் போனிலேயே பதியுங்கள், காத்திருக்காதீர்கள். ஆனால் சில போன்கள் இரைச்சலைக் குறைப்பதாக நினைத்து, இழுத்துப் பாடுகிற நீண்ட ஓசையையும் இரைச்சல் என்று வெட்டிவிடும். முனாஜாத்தில் முக்கால் பங்கு இழுப்புத்தான். இன்னொன்று, பல் போன வாயிலிருந்தோ பல் செட் மாட்டிய வாயிலிருந்தோ வருகிற 'ஸ்' ஓசையை மற்ற மைக்குகள் கூர்மையாக்கிக் காதில் குத்தும். ரிப்பன் மைக் அதை மெதுவாக வாங்கும். மூன்றாவது, இதற்கு முன்னும் பின்னும் காது உண்டு, பக்கவாட்டில் காது கிடையாது. விளிம்பை மின்விசிறிப் பக்கம் திருப்பி வைத்தால் விசிறிச் சத்தம் பாதிக்கு மேல் போய்விடும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும், முட்டைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவரும் உள்ள நம் ஊர்க் கூடங்களில் கை தட்டினால் பத்து முறை கேட்கும். அங்கே இந்தக் குணம் பெரிய உதவி. தரையில் இரண்டு ஜமக்காளம் விரிப்பது அதைவிடப் பெரிய உதவி என்பதும் உண்மை.

இனி முதல் கூடு.

காரைக்குடியில் பிறந்துவிட்டுத் தேக்கு மரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்றில் பர்மாத் தேக்கு நிலைச் சட்டத்தின் துண்டு கிடைத்தது. நம் மாணவர் ஒருவரின் பக்கத்து வீட்டு ஆசாரி அதைக் கடைந்து, மேல் பாகத்தில் கொடி வேலை செய்து, முன்னும் பின்னும் பித்தளை வலை பதித்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்கள். நாங்களும் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். கண்ணால் பார்த்த அளவுக்குக் காதால் கேட்கவில்லை.

எண்பது வயது கடந்த ஒரு நன்னி. தம் தாயாரிடம் கற்ற முனாஜாத்து ஒன்றை முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தார். மகன்கள் சம்மதித்து, அவரும் சம்மதித்து, ஓர் அஸருக்குப் பிறகு போனோம். போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, அது ஓடத் தொடங்கியது. நன்னியின் கட்டிலுக்கு அடுத்தே இருந்தது அந்தப் பெட்டி. எங்களிடம் ஹெட்போன் இருந்தது. ஆனால் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஓதும்போது, எதிரே காதை அடைத்துக்கொண்டு உட்காருவது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகளுக்குக் கூச்சம். எங்களுக்கும்தான். கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். நன்னி ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓதினார். நடுவில் இரண்டு இடத்தில் அழுதார். நாங்களும் கண் கலங்கித்தான் திரும்பினோம்.

பட்டறைக்கு வந்து கேட்டால், நாற்பது நிமிடமும் ரம்பம் அறுக்கிற மாதிரி இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ குரல்.

என்ன நடந்தது என்பதை இப்போது சொல்லிவிடலாம். மைக்கிற்குள் இரைச்சல் இரண்டு வழியில் நுழையும். ஒன்று மின்புலம். டியூப் லைட், சுவர் வயர், இன்வெர்ட்டர் ஆகியவற்றிலிருந்து காற்று வழியாகவே வந்து தொற்றும். இதைத் தடுக்க மைக்கைச் சுற்றி எந்த உலோகமாவது இருந்தால் போதும். ஆனால் அந்த உலோகம் முழுவதும் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்து, கேபிளின் எர்த் கம்பியோடு சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது காந்தப்புலம். டிரான்ஸ்பார்மர், மோட்டார், சோக் ஆகியவற்றின் அருகில் வரும். இதற்குப் பித்தளையும் செம்பும் அலுமினியமும் தடையே அல்ல. உள்ளே புகுந்து போய்விடும். கனமான இரும்பு கொஞ்சம் தடுக்கும். தூரம் நன்றாகத் தடுக்கும்.

எங்கள் தேக்குக் கூட்டில் இரண்டுக்கும் காப்பு இல்லை. மரம் மின்புலத்துக்குத் திறந்த வாசல். முன்வலைக்கும் பின்வலைக்கும் நடுவே மரம் இருந்ததால் இரண்டும் தொடர்பற்றுத் தனித்தனியாகக் கிடந்தன, எர்த்தோடு சேர்க்கவே இல்லை. டிரான்ஸ்பார்மரைச் சுற்றி இரும்பு இல்லை. பட்டறையில் சோதித்தபோது பக்கத்தில் இன்வெர்ட்டர் இல்லை. தவிர, மைக்கைக் கையில் பிடித்தபடிதான் சோதித்தோம். வலையில் விரல் பட்டுக்கொண்டே இருந்தது, நம் உடம்பே அரைகுறை எர்த் ஆகிவிட்டது. ஸ்டாண்டில் வைத்துச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இன்றும் நம் பட்டறையில் முதல் சோதனை இதுதான்: ஸ்டாண்டில் வைத்து ஒலியைக் கேளுங்கள், பிறகு கூட்டைத் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் மாறினால் எர்த் சரியில்லை.

கம்ப்யூட்டரில் இரைச்சலை நீக்க முயன்றோம். இன்வெர்ட்டர் இரைச்சல் 50, 100, 150 என்று ஏணிப்படிபோல மேலே மேலே ஏறிப் போகும். ஒவ்வொரு படியையும் வெட்டினால் குரலிலும் அங்கங்கே வெட்டு விழும். மீதி வந்தது நன்னியின் குரலே இல்லை. மகனுக்குப் போட்டுக் காட்டினோம். "எங்கம்மா மாதிரி இல்லையே" என்றார். மறுபடி வருகிறோம் என்று சொன்னோம். இரண்டாவது கூடு செய்ய நாளாகிவிட்டது. அந்த ரமளான் வருவதற்கு முன்பே நன்னி வஃபாத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருடைய மண்ணறையை விசாலமாக்குவானாக.

மரத்தின் மேல் குற்றமில்லை. உள்ளே முழுக்கச் செம்புத் தகடு ஒட்டி எர்த் கொடுத்திருந்தால் அந்தத் தேக்குக் கூடே உதவியிருக்கும். அதை இப்போது அலமாரியில் வைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் நாள் அதைத்தான் கையில் கொடுக்கிறோம்.

இரண்டாவது கூட்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மரம் வேண்டாம் என்றதும் எதிர்ப்பக்கம் ஓடினோம். பெரிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து, 4 மி.மீ.க்கு ஒன்றாக 2 மி.மீ. துளைகள் போட்டோம். நாலாயிரம் துளை போட்டாற்போல் கை வலித்தது. எர்த் சேர்த்தோம், இன்வெர்ட்டர் இரைச்சல் போயிற்று. ஆனால் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் துளை போடும் முன்பே தெரிந்திருக்கும். 4 மி.மீ. சதுரத்தின் பரப்பு 16. அதில் 2 மி.மீ. துளையின் பரப்பு சுமார் 3.14. ஆக நூற்றுக்கு இருபது பங்குகூடத் திறப்பு இல்லை. எண்பது பங்கு சுவர். ஒலி உள்ளே வந்து, எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, ரிப்பனில் மறுபடி படுகிறது. சுவர் 2 சென்டிமீட்டர் தள்ளி இருந்ததால் நொடிக்குச் சுமார் 4300 அதிர்வுள்ள ஒலி மட்டும் தூக்கலாகியது. ஸ், ஷ் போன்ற எழுத்துகள் அந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. இதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல. அடுத்த கட்டடத்தில் மதரஸா நடத்துகிற உஸ்தாத், தாம் ஓதியதைக் கேட்டுவிட்டு, "ஸீனும் ஸாதும் ஷீனும் ஒரே மாதிரி கேட்கிறதே, பிள்ளைகள் இப்படி ஓதினால் நான் எழுப்பி நிற்க வைப்பேன்" என்றார். மக்ரஜ் பழகிய காதுக்கு எந்த மீட்டரும் ஈடில்லை. அதிலிருந்து ஒவ்வொரு கூட்டையும் அவரிடம் கேட்கக் கொடுத்துவிட்டுத்தான் முடிவு செய்கிறோம்.

அதில் இன்னொரு பிழையும் இருந்தது. முன்பக்கம் அழகாகத் துளை போட்டுவிட்டு, கை வலியில் பின்பக்கம் பாதிதான் போட்டோம். ரிப்பன் மைக் முன்காற்றுக்கும் பின்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் வேலை செய்வது. பின்வாசலைப் பாதி அடைத்தால் பக்கவாட்டில் காது கேட்காத அந்தக் குணம் கெட்டுப்போகும். விசிறிச் சத்தம் மறுபடி உள்ளே வந்துவிட்டது. பின்வாசலை வேண்டுமென்றே அடக்குகிற மைக்குகளும் உண்டு. ஆர்சிஏ 77 வகையில் பின்பக்க ஒலியை வளைந்து வளைந்து போகும் குழாய்வழிக்குள் விட்டு அடக்கினார்கள். அது தேர்ந்தவர்கள் கணக்குப் பார்த்துச் செய்த வேலை. நாங்கள் செய்தது சோம்பல்.

இப்போது மூன்றாவது. இதைத்தான் இன்று மேசையில் வைத்திருக்கிறோம். பார்வைக்கு ஒன்றுமில்லை, ஒரு பெண்மணி இதைப் பார்த்துவிட்டு "டீ வடிகட்டியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான்.

மேல் பாதியில் பித்தளைப் பட்டையால் ஒரு சட்டம். அதன் முன்னும் பின்னும் ஒரே வலை, ஒரே வளைவு, ரிப்பனிலிருந்து ஒரே தூரம். வலை நம் வீட்டுச் சல்லடை வலைதான். ஒரு மி.மீ. கண்ணும் கால் மி.மீ. கம்பியும் உள்ள வலையில் நூற்றுக்கு 64 பங்கு திறப்பு. டம்ளரைப்போல மூன்று மடங்குக்கு மேல். மாவுச் சல்லடை வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள். வலை காந்தத்தில் ஒட்டினால் வாங்காதீர்கள். ரிப்பனுக்கு இரண்டு பக்கமும் இருப்பவை நியோடிமியம் காந்தங்கள். இரும்பு வலையைப் பிடித்து இழுக்கும், காந்த சக்தியையும் திருடும். தலைப்பகுதியைத் தட்டையாக மூடாமல் குவிந்த வடிவில் வலையாகவே விட்டிருக்கிறோம். அடித்தட்டில் மட்டும் மோதித் திரும்பாமல் இருக்கக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறோம்.

வலைக்கு உள்ளே மெல்லிய நைலான் துணி ஒரு சுற்று. 'ப' என்று சொன்னால் வாயிலிருந்து வருகிற காற்று ரிப்பனை நேராக அறையக் கூடாது. துணிக்கு எதிரே மெழுகுவர்த்தி வைத்து மறுபக்கமிருந்து 'ப, ப' என்று சொல்லிப் பாருங்கள். சுடர் அசையலாம், படுத்துவிடக் கூடாது. துணி தடித்தால் உயர்ந்த ஓசைகள் மங்கும். இரண்டு சுற்றுப் போட்டுப் பார்த்தோம், உஸ்தாத் ஒரு சுற்றைக் கழற்றச் சொன்னார்.

கீழ்ப் பாதியில்தான் டிரான்ஸ்பார்மர். அதற்கு 3 மி.மீ. தடிமன் உள்ள சாதாரண இரும்புக் குழாய். எவர்சில்வர் போடாதீர்கள், சமையல் பாத்திர எவர்சில்வரில் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டாது, ஒட்டாதது காந்த இரைச்சலைத் தடுக்காது. குழாயை மூடும் முன் டிரான்ஸ்பார்மரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஹெட்போனில் கேளுங்கள். ஏதோ ஒரு நிலையில் இரைச்சல் மிகக் குறைவாக இருக்கும். அந்த நிலையில் இறுக்குங்கள். மேல் சட்டம், இரண்டு வலை, கீழ்க் குழாய் எல்லாம் ஒரே எர்த்தில் சேர வேண்டும். வலையைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டாதீர்கள், ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். ரிப்பன் சட்டத்தைக் கூட்டில் நேராகத் திருகாமல், சைக்கிள் டியூபில் வெட்டிய வளையங்களில் தொங்கவிட்டிருக்கிறோம். ஸ்டாண்டைத் தட்டினால் அந்த அதிர்ச்சி குரலில் வராமல் இருக்க.

லேத் பட்டறையில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. காந்தத்தை அங்கே திறக்கவே வேண்டாம். தூசி அளவு இரும்புப் பிசிறு போய் ரிப்பனுக்கும் காந்தத்துக்கும் நடுவே உட்கார்ந்தால் மைக் கரகரக்கும், எடுப்பதும் பெரும்பாடு. கூட்டைக் கடைந்து, கழுவி, காயவைத்துக் கொண்டுவாருங்கள். கோர்ப்பதை இங்கே வைத்துக்கொள்வோம். அலுமினிய ரிப்பனைப் பித்தளைக் கவ்வியில் பிடிக்கும் இடத்தில் ஈரமும் விரல் வியர்வையும் படக் கூடாது, அரித்துவிடும். மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிற ஊரில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காந்தங்கள் அளவில் புளியங்கொட்டை மாதிரிதான், ஆனால் விரலைக் கவ்வினால் ரத்தம் கட்டும். சிறு பிள்ளைகள் இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய ஆபத்து அது. இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அருகே வெறும் காந்தத்தைக் கொண்டுபோகக் கூடாது. பதிவு செய்யப் போகும் வீட்டில் இதை முதலிலேயே கேட்டுவிடுகிறோம். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் ரிப்பன் மைக் வேண்டாம், போனிலேயே பதிகிறோம். வீட்டுக்கு எந்தப் பிள்ளையும் காந்தம் கொண்டுவர அனுமதி இல்லை. கொண்டுவந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

பதிவு முறையும் மாறியிருக்கிறது. மைக்கை வாயருகே வைப்பதில்லை. கிட்ட வைத்தால் அடிக்குரல் மட்டும் தடித்துவிடும், காற்றும் அறையும். மெலிந்த குரலுக்கு ஒன்றரை அடி. நாகூர் ஈ.எம்.ஹனீபாவின் குரல்போல ஓங்கிய குரல் யாருக்காவது இருந்தால் இன்னும் தள்ளி வைப்போம். மிக்சரில் 48 வோல்ட் பொத்தானை அணைத்த பிறகுதான் கேபிளைச் செருகுகிறோம். கேபிளில் பழுது இருந்தால் அந்த மின்சாரம் ரிப்பனைப் பிய்த்துவிடும். வண்டியில் கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் பையில் மூடி, நிமிர்த்தியே வைக்கிறோம். காருக்குள் கதவை அறைந்து சாத்தினாலே அந்தக் காற்றில் ரிப்பன் தொங்கிவிடும். படுக்கவைத்து மாதக்கணக்கில் விட்டாலும் தொங்கிவிடும்.

ஹெட்போன் விஷயத்துக்கு ஒரு வழி கண்டோம். பதிவு தொடங்கும் முன் அந்தப் பெரியவர் காதிலேயே மாட்டி, அவர் பேரனைப் பேச வைத்துக் கேட்கச் செய்கிறோம். "இதை மாட்டிக்கொண்டு உங்கள் குரலைத்தான் கேட்போம் பெரியம்மா" என்று சொல்கிறோம். சிரித்துவிடுகிறார்கள். அதன்பின் எங்களுக்கும் கூச்சமில்லை. பதிவு முடிந்ததும் அங்கேயே ஐந்து நிமிடம் திரும்பப் போட்டுக் கேட்காமல் கேபிளைக் கழற்றுவதில்லை.

பதிந்த குரல் யாருடையது என்ற கேள்வியை ஜமாஅத்தில் சிலர் எழுப்பினார்கள். எழுப்ப வேண்டிய கேள்விதான். ஓதுகிறவரின் சம்மதம் முதலில், குடும்பத்தின் சம்மதம் அடுத்து. பெண்கள் குரலைப் பெண்களே பதிகிறார்கள். அதற்காக நம் தையல் வகுப்பில் இருந்து மூன்று சகோதரிகள் இப்போது இந்த வேலையைக் கற்கிறார்கள். ரிப்பனுக்கு மடிப்பு வைப்பதில் அவர்கள் கை எங்களைவிடச் சுத்தம். பதிவு ஒரே பிரதியாகக் குடும்பத்திடம் கொடுக்கப்படும். அவர்கள் எழுதிக் கொடுத்தால் மட்டும் அறக்கட்டளையில் இன்னொரு பிரதி இருக்கும். வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. நம் பிள்ளைகள் யாராவது போட்டதாகத் தெரிந்தால் அவர் இந்த வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்.

இந்தக் கூட்டோடு இதுவரை ஐந்து வீடுகளுக்குப் போயிருக்கிறோம். ஒரு வீட்டில் ரிப்பன் கிழிந்து பாதியில் திரும்பினோம்; மறுநாள் புது ரிப்பன் கோர்த்துப் போய் முடித்தோம். மற்ற நாலும் நல்லபடி வந்தன, அல்ஹம்துலில்லாஹ். முதல் நன்னியின் மகன், தம் சிற்றன்னைக்கு அதே முனாஜாத்தில் பாதி தெரியும் என்று சொல்லியிருக்கிறார். அவர் இளையான்குடியில் இருக்கிறார். இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் போகிறோம். ராகம் கொஞ்சம் வேறாக இருக்கும் என்கிறார் மகன். பரவாயில்லை, பதிந்துகொள்வோம்.

இன்னும் இரண்டு மைக்குகளுக்குக் கூடு வேண்டும். பித்தளைப் பட்டை கைவசம் இருக்கிறது. 3 மி.மீ. இரும்புக் குழாய்த் துண்டு, காந்தம் ஒட்டாத பழைய சல்லடை, கிழிந்த சைக்கிள் டியூப் யார் வீட்டில் இருந்தாலும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். பெரியவர்கள் ஓதக்கூடிய வீட்டார் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். எந்த நேரத்தில் மின்வெட்டு வரும், இன்வெர்ட்டர் எந்த அறையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.